பக்கவாட்டில் இறங்கிய படகு

என் மாமனார் அற்புதராஜுக்கு இரண்டே பேச்சுதான். ஒன்று லாரி பாடி. மற்றது அவருடைய தாத்தா சவரிமுத்து கட்டிய கப்பல். லாரிப் பேச்சை நம்பலாம். நாமக்கல்லில் எங்கள் பட்டறையிலிருந்து இறங்கிய வண்டிகள் அசாம் வரைக்கும் ஓடுகின்றன. கப்பல் பேச்சைத்தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னால் விழுங்க முடியவில்லை. கடல் எங்கே கிடக்கிறது, நாமக்கல் எங்கே கிடக்கிறது?

"எங்க தாத்தன் கட்டுன கப்பல் நண்டாட்டம் பக்கவாட்டுலதான் அம்மணி தண்ணிக்குள்ளார எறங்கும்" என்று ஆரம்பிப்பார். "எறங்கறப்ப கட்டுனவன் உள்ள உக்காந்துக்கோணும். முழுகுனா மொதல்ல அவன் முழுகோணும். அதுதானுங்க பட்டறைச் சட்டம்."

"கப்பல் நடந்து போயி காபி குடிச்சதுன்னு சொல்லாம விட்டீங்களே மாமா, அதுவே போதும்" என்பேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அதே கதையை அதே சொல்லில் மறுபடி சொல்வார்.

நான் ஆன்சி. அயோத்தியாப்பட்டணத்தில் பிறந்தவள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு இந்தப் பட்டறைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். படம் போடுவது, அளவு பார்ப்பது, ஆட்களோடு சண்டை போடுவது மூன்றும் என் வேலை. வெட்டுவதும் ஒட்டுவதும் என் வீட்டுக்காரர் ஜூட். அவர் அதிகம் பேச மாட்டார். அந்தக் குறையும் சேர்த்து நான் பேசுகிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பட்டறைக்குள் வந்தார். கைத்தறிச் சேலை, கையில் ஒரு சீப்பு கற்பூரவல்லிப் பழம். லாரி முதலாளிகள் வரும் இடத்தில் இப்படி ஒருவர் வந்து நின்றதும் வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங்க, சவரிமுத்து ஆசாரி பட்டறைங்களா இது?" என்றார்.

என் மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அறுபது எழுபது வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

அந்த அம்மாள் பெயர் செல்லாயி. மோகனூருக்கு அந்தப் பக்கம், காவிரிக் கரையில் சின்னக்கரைப்புதூர் என்று ஒரு ஊர். அங்கே ஆற்றைக் கடக்கும் படகுத்துறையை அவர் வீட்டுக்காரர் செங்கோட்டையன் நடத்தி வந்தார். அவர் காலமான பிறகு துறை செல்லாயி அக்காவின் பொறுப்பில் வந்தது. பழைய படகு இற்றுப்போனதால் வெளியூரிலிருந்து ஒரு ஃபைபர் படகு வாங்கி ஓட்டியிருக்கிறார். ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம் அது நடு ஆற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏறியிருந்த அத்தனை பேரையும் ஒரு ஆட்டையும் தண்ணீரில் கொட்டிவிட்டது. பக்கத்தில் மணல் திட்டு இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் ஒருத்தர் படகில் கால் வைப்பதில்லை. அக்கரைச் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாலம் சுற்றி பஸ்ஸில் போய் வருகிறார்கள்.

"தை பொறக்கறதுக்குள்ள படகு ஓடலைன்னா தொறைய மூடிப்போடறோம்னு பஞ்சாயத்துல சொல்லீட்டாங்க. அதக்கூட விடுங்க சாமி" என்றார் செல்லாயி அக்கா. "என்ற ஊட்டுக்காரரு முப்பது வருசம் ஒரு கொழந்தை கால் நனையாம கொண்டு போயி விட்டவரு. அவரு தொறையப் பாத்து சனம் பயப்படுதுங்க. எனக்குப் படகு மட்டும் போதாதுங்க. சனம் ஏறோணும்."

ஏன் எங்களிடம் வந்தார் என்று கேட்டேன். ஒரு காலத்தில் அந்த ஆற்றில் ஓடிய படகுகள் அத்தனையும் அவருடைய வாய்க்கால் ஓரத்து நிலத்தில்தான் கட்டப்பட்டன என்றும், கட்டியவர் பெயர் சவரிமுத்து என்றும், அவர் மகன் நாமக்கல் போய் லாரிக்கு பாடி கட்டினார் என்றும் அவருடைய மாமனார் சொல்வாராம். என் மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரும்புப் படகு என்று முடிவாயிற்று. அகலமான அடி, தாழ்வான இருக்கை, முப்பத்திரண்டு அடி நீளம், பத்தடி அகலம். நான் போட்ட படத்தைத் தூத்துக்குடியில் படகு இன்ஜினியர் ஒருவருக்கு அனுப்பி, அவர் இரண்டு தடவை திருத்திய பிறகுதான் தகடு வெட்டினோம். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் இல்லை நான். ஆனால் முழுப் படகையும் நாமக்கல்லில் கட்டி எடுத்துப் போக வழியில்லை. சின்னக்கரைப்புதூர்ச் சாலை வாழைத்தோப்புகளுக்கு நடுவில் பாம்பு மாதிரி நெளிகிறது. பத்தடி அகலத்தை ஏற்றிய டிரெய்லர் முதல் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் துண்டு துண்டாக லாரியில் கொண்டுபோய், செல்லாயி அக்காவின் வாய்க்கால் ஓரத்தில் வைத்து ஒட்டுவது, அங்கிருந்து வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு மிதக்க விடுவது என்று பேசிக்கொண்டோம்.

வாய்க்காலை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதிலா கப்பல்? நல்ல தண்ணீர் ஓடினாலும் இந்தக் கரையில் நின்று தோள்துண்டை எறிந்தால் அந்தக் கரை வாழையில் விழும். கால் மைல் தள்ளி ஆற்றில் போய்ச் சேருகிறது. என் மாமனார் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மேட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

வேலை மூன்று வாரம் மளமளவென்று நடந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் வாத்துகள் ஊரைவிட்டு ஓடின. ஊர்ப் பெண்கள் வாய்க்காலில் துணி துவைத்தபடியே எங்களை விமர்சனம் செய்வார்கள். அதில் முதலாள் நல்லம்மாள். ஆடி மாதம் ஆற்றில் விழுந்தவர்களில் அவரும் ஒருவர். அறுபதைத் தாண்டியவர், நாக்கில் மிளகாய்.

"லாரிக்காரங்க கட்டுற படகுக்கு ஆரன் வெப்பீங்களா அம்மணி? பின்னால 'நன்றி மீண்டும் வருக' எழுதிப்போடுங்க. முழுகறப்ப படிச்சிக்கலாம்" என்றார் ஒரு நாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அவர் கேலிக்குப் பின்னால் பயம் இருந்ததும் தெரிந்தது. படகைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். செல்லாயி அக்கா எங்களுக்கு டீ கொண்டுவந்து வைப்பார்.

படகு முடிந்தது. பச்சை பெயின்ட் அடித்து, தள்ளி நின்று பார்த்தோம். கண்பட்டுவிடும் போல இருந்தது. அப்போதுதான் ஜூட் அதிசயமாக வாயைத் திறந்தார்.

"ஆன்சி, இது எப்படி இறங்கும்?"

நான் படகைப் பார்த்தேன். வாய்க்காலைப் பார்த்தேன். எத்தனை வருஷப் பழக்கம்! பட்டறையில் எந்த வண்டி கட்டினாலும் மூக்கை கேட்டைப் பார்த்து நிறுத்தித்தான் கட்டுவோம், முடிந்ததும் அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று. அந்தப் பழக்கதோஷத்தில் படகையும் மூக்கை வாய்க்காலைப் பார்த்து வைத்துக் கட்டிவிட்டோம். வாய்க்கால் அகலம் இருபத்திரண்டு அடி. படகு நீளம் முப்பத்திரண்டு. நேராகத் தள்ளினால் மூக்கு அக்கரையில் குத்தி நிற்கும், வால் இக்கரையிலேயே இருக்கும். நாங்கள் கட்டியிருந்தது படகு இல்லை, பாலம்.

கிரேன் வைத்துத் தூக்கலாம் என்றால், வாய்க்கால் மேடு அந்த எடையைத் தாங்காது. கரை உடைந்தால் கடைமடை வயலெல்லாம் போய்விடும். இதற்கிடையில் மராமத்துக்காக சனிக்கிழமையோடு வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. அன்று வியாழக்கிழமை. மறுபடி தண்ணீர் விடும்போது தை பிறந்து பாதி போயிருக்கும்.

விஷயம் கேட்டுத் துவைக்க வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். செல்லாயி அக்கா மட்டும் படகின் பக்கத்தில் போய் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். எங்களை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. வாய்க்கால் ஓரமாக நடந்தேன். நல்லம்மாள் ஒரு கல்லில் சேலையை அடித்துக்கொண்டிருந்தார். மேட்டிலிருந்து தண்ணீருக்குள் சரிவாக இறங்கும் நீளமான கல். அடுத்து, சுப்பம்மாள் என்பவர் துவைத்துக்கொண்டிருந்த கல்லும் அதே மாதிரி. அதற்கடுத்தும் ஒன்று. எண்ணினால் ஆறு கல் இருந்தன. பாதி புல்லில் மறைந்து, பாதி பாசி பிடித்து.

"ஏங்க அம்மா, பத்து வீட்டு ஊருக்கு எதுக்கு ஆறு துவைக்கிற கல்லு?" என்று நல்லம்மாளிடம் கேட்டேன்.

"நா வாக்கப்பட்டு வாரப்பவே கெடந்துதுங்க. எங்க மாமியா தொவைச்சாங்க, நா தொவைக்கறேன். கல்லுக்கு என்னுங்க காரணம்?"

புல்லை விலக்கி டேப்பை நீட்டினேன். கல்லுக்குக் கல் ஒரே இடைவெளி. ஒரே சரிவு. லாரி சேஸிஸ் மேல் குறுக்குச் சட்டம் போடும்போது இப்படித்தான் அளந்து போடுவோம். துணி துவைக்க யார் இப்படி அளந்து கல் பதிப்பார்கள்? ஒவ்வொன்றின் முதுகும் துணி அடிக்கும் இடம் மட்டுமில்லாமல் மேலிருந்து கீழ்வரை வழவழவென்று தேய்ந்திருந்தது. துணி தேய்த்த தேய்ப்பு இல்லை அது. கனமான ஏதோ ஒன்று, திரும்பத் திரும்ப, ஆறு கல்லுக்கும் குறுக்காகப் படுத்து வழுக்கி இறங்கிய தேய்ப்பு.

நண்டாட்டம்.

"மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் சுப்பம்மாள் சோப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

என் மாமனார் வந்து பார்த்தார். பிறகு அந்தக் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆயுசு முழுக்க அந்தக் கதையைச் சொன்ன மனுஷன், படகின் மூக்கை வாய்க்கால் பக்கம் வையுங்கள் என்று முதலில் சொன்னதும் அவர்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

"கதைன்னுதான் அம்மணி நானும் சொல்லீட்டிருந்தேன்" என்றார். "நெசமாத்தான் எறக்கியிருக்கறாரு."

அந்த மத்தியானம் சவரிமுத்து என்ற அந்த மனிதரை நினைத்து நினைத்து வியந்தேன். இவ்வளவு பெரிய ஆறு பக்கத்தில் இருக்க, எதற்கு இந்த வாய்க்காலுக்கு வந்தார்? யோசித்தால் புரிந்தது. ஆறு பெரியது, ஆனால் சொல்பேச்சு கேட்காது. ஒரு வெள்ளம் வந்தால் கரையில் கட்டிக்கொண்டிருந்த படகையும் சாமானையும் வாரிக்கொண்டு போய்விடும். வாய்க்கால் அப்படியில்லை. வருஷத்தில் சில நாள் காய்ந்து கிடக்கும், அப்போது இறங்கிக் கல் பதிக்கலாம். மற்ற நாளெல்லாம் ஒரே மட்டத்தில் ஓடும், அப்போது படகு இறக்கலாம். அகலம் போதாதா, படகைத் திருப்பிப் போடு. எவ்வளவு எளிசு! எவ்வளவு பெரிய மூளை! அவர் கட்டிய படகுகளில்தான் அந்தக் காலத்தில் மாடும் வெல்லமும் கல்யாணப் பெண்ணும் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். பாலம் வந்து படகுக்கு வேலை குறைந்ததும் அவர் மகன் அதே உளியையும் ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போயிருக்கிறார். நான் தினமும் உட்கார்ந்து படம் போடும் பட்டறையின் முதல் அஸ்திவாரம் இந்த ஆறு கல்.

வெள்ளிக்கிழமை முழுக்க லாரி ஜாக்கிகளையும் இரும்புக் குழாய்களையும் வைத்துப் படகை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக் கல் வரிசைக்கு நகர்த்தினோம். சாயங்காலம் அது வாய்க்காலுக்கு நெடுகப் படுத்து, ஆறு கல்லின் தலையிலும் உட்கார்ந்தது. வழுக்குவதற்கு லாரி கிரீஸ் தடவலாம் என்றார் மாமனார். செல்லாயி அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"மாடு குடிக்கிற தண்ணியிங்க. தாரு வெட்டுன வாழைமரம் தோப்பு நெறைய நிக்குது. பொளந்து போட்டா அத மிஞ்சுன வழுக்கல் ஏது?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் இரண்டு கரையிலும் ஊர் கூடிவிட்டது. பிளந்த வாழைத்தண்டு கல்லின் மேல் நீர் கோத்துப் பளபளத்தது. படகின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி இரண்டு தென்னைமரத்தில் சுற்றியிருந்தோம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும். ஒன்று முந்தினால் படகு கோணிக்கொண்டு கரையில் மோதும். ஒரு கயிற்றில் ஜூட், மறு கயிற்றில் மாமனார்.

அப்போது நல்லம்மாள் கூட்டத்திலிருந்து சத்தமாகக் கேட்டார். "ஏனுங்க பெரியவரே, கட்டுனவன் உள்ள உக்காரோணும்னு நேத்துப் பூராவும் சொல்லீட்டிருந்தீங்களே. இப்ப ஆரு உக்கார்றது?"

மாமனாருக்கு முட்டி தேய்மானம், அவரால் ஏறக்கூட முடியாது. ஜூட் கயிற்றை விட முடியாது. இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது, எப்போதும் போல.

"படம் போட்டது நான். நான் உட்கார்றேன்."

எனக்கு நீச்சல் தெரியாது. அயோத்தியாப்பட்டணத்தில் நீச்சலடிக்க எங்கே தண்ணீர் இருந்தது? ஜூட் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துவந்து என் கழுத்து வரை இழுத்து மாட்டிவிட்டார். ஏணி வழியாக ஏறி நடுப் பலகையில் உட்கார்ந்தேன். மேலிருந்து பார்க்கும்போது தண்ணீர் ரொம்பக் கீழே இருந்தது. என் கணக்கெல்லாம் சரிதான், தூத்துக்குடிக்காரரும் சரி என்றார்தான். ஆனால் கணக்கின் மேல் உட்காருவது வேறு. மாதாவே என்று கண்ணை மூடினேன்.

ஏணியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் செல்லாயி அக்கா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க எதுக்கு? இறங்குங்க!"

"நாளைக்கு இதுல ஊரையே ஏத்தோணும் சாமி. நா ஏறாத படகுல ஆர ஏறச் சொல்லுவேன்?"

என் மாமனார் கத்தியை ஓங்கினார். லாரிக்காரருக்குப் படகு இறக்கும் மந்திரம் என்ன தெரியும்? அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"போலாம்... ரைட்!"

இரண்டு கயிறும் ஒன்றாக அறுந்தன. ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு உலகம் பக்கவாட்டில் வழுக்கியது. வாழைத்தண்டு நசுங்கும் சத்தம், அடுத்து தகடு தண்ணீரில் அறைந்த சத்தம். படகு தண்ணீர்ப் பக்கமாக அப்படியே சாய்ந்தது. வாய்க்கால் என் முகத்துக்கு நேராக எழுந்து வந்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. இரண்டு கரையிலும் ஐயோ என்ற சத்தம். ஆடி மாதம் சாய்ந்த சாய்வெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் அலறினேன், அதில் எனக்கு வெட்கமில்லை. செல்லாயி அக்காவின் கை என் கையை நொறுக்கியது. அவர் அலறவில்லை. "எந்திரி... எந்திரி..." என்று படகிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படகு எழுந்தது. எழுந்து மறுபக்கம் சாய்ந்து, திரும்ப இந்தப் பக்கம் வந்து, இரண்டு தடவை தலையாட்டிவிட்டு நின்றது. கிளம்பிய அலை அக்கரையில் ஏறி அங்கே நின்றவர்களை இடுப்பு வரை நனைத்துவிட்டு வந்தது.

அந்த ஈரத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பட்டறைச் சட்டம் எனக்கு முழுசாக விளங்கியது. நண்டு நடை வாய்க்காலின் அகலத்துக்காக மட்டுமில்லை. ஒரு படகு தன் ஆயுளில் படக்கூடிய மோசமான சாய்வை முதல் நாளே, ஊர் பார்க்க, கட்டியவனை உள்ளே வைத்துக்கொண்டு பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு ஆறு அதை என்ன செய்துவிட முடியும்? சவரிமுத்து படகை மட்டும் இறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பயத்தையும் சேர்த்து இறக்கியிருக்கிறார். அந்தப் பெரிய மனிதர் இருந்திருந்தால் ஈரச் சேலையோடு போய் அவர் காலில் விழுந்திருப்பேன்.

தண்ணீரை இறைத்துவிட்டு, செல்லாயி அக்கா நீளமான மூங்கிலை ஊன்றிப் படகை ஆற்றுப் பக்கம் தள்ள ஆரம்பித்தார். ஜூட்டும் குதித்து ஏறிக்கொண்டார். என் மாமனார் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தார். ஊர் சனம் இரண்டு கரையிலும் எங்களோடு நடந்து வந்தது. கை தட்டினார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆனால் யாரும் ஏறுகிறேன் என்று சொல்லவில்லை. செல்லாயி அக்கா கரைப்பக்கம் திரும்பவே இல்லை. மூங்கிலை ஊன்றுவதும் எடுப்பதுமாக இருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் கரை தாழ்வாக இருக்கும். அங்கே நல்லம்மாள் முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தார். பாதி துவைத்த துணிக்கூடை இடுப்பில். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஏ செல்லாயி, நிறுத்து. அக்கரை வரைக்கும் நானும் வாரேன்."

செல்லாயி அக்கா மூங்கிலை ஊன்றி நிறுத்தினார். "பயமா இல்லீங்களா அக்கா?"

"பயமாத்தான் இருக்குது" என்றார் நல்லம்மாள். "நீ கையக் குடு."